மலைநாட்டின் மழையும் பனியும்: நுவரெலியா மாவட்டக் கமக்காரருக்குச் சில விளக்கங்கள்

கமத்தொழிலில் ஈடுபட்டுள்ள எவருக்கும் மண், விதை, பசளை ஆகியவற்றைப் போலவே காலநிலையும் ஒரு முதலாகும். மண்ணைத் திருத்தலாம், நல்ல விதையைத் தேடிப் பெறலாம், பசளையை விலைகொடுத்து வாங்கலாம். வானத்தை மாத்திரம் எவராலும் திருத்த முடியாது. ஆயினும் அதன் போக்கை அறிந்து, அதற்கு இசைய நாட்டவும், காக்கவும், அறுவடை செய்யவும் நம்மால் முடியும். சமவெளியில் இவ்வறிவு ஓரளவு போதுமானதாயின் மலைநாட்டில் அது மிக நுட்பமாக இருத்தல் வேண்டும். ஏனெனில் இங்கு ஒரு மலைமுகட்டைக் கடந்தவுடன் காலநிலையே மாறிவிடுகின்றது.

விவசாயப் பாடசாலையில் பயிற்சி முடித்து இம்மாவட்டத்துக்கு வந்த முதலாண்டில் நான் செய்த பிழையொன்றை இங்கு கூறுதல் பொருத்தமாகும். தலவாக்கலைப் பக்கத்தில் சில மாதங்கள் கடமையாற்றிய பின்னர் வலப்பனைப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். மே மாத முடிவு அது. கமக்காரர் ஒருவர் தமது அரை ஏக்கர் மேட்டுக்காணியில் போஞ்சி நாட்டலாமா என்று வினவினார். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டது, தாராளமாக நாட்டலாம் என்று கூறினேன். அவர் சற்றுத் தயங்கி, "ஐயா, இந்தப் பக்கத்தில் ஜூன் மாதத்தில் முகில் தெரியும், மழை வராது" என்றார். ஆயினும் படித்தவர் கூறுவது சரியாக இருக்கும் என்று எண்ணி நாட்டிவிட்டார். அதன் பின்னர் ஆறு வாரங்களாக மேற்கு முகட்டில் கருமுகில் நாள்தோறும் கூடி நின்றது. அவருடைய காணியில் காய்ந்த காற்றே வீசியது. பூக்கள் உதிர்ந்தன, கொடிகள் வாடின. விதைக்காக அவர் ஈடுவைத்த நகையை மீட்க அடுத்த பெரும்போகம் வரை காத்திருக்க நேர்ந்தது. தவறு மழையினுடையதன்று, ஒரு பள்ளத்தாக்கின் கணக்கை மற்றொரு பள்ளத்தாக்குக்குப் பொருத்திய என்னுடையதே. அத்தவறு மற்றொருவருக்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஒரு மாவட்டம், பல காலநிலைகள்

நுவரெலியா மாவட்டத்தை அதன் மழையைக் கொண்டு மூன்று பகுதிகளாக நோக்கலாம்.

முதலாவது, மேற்குச் சரிவு. கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ் முதலிய இடங்கள் இதில் அடங்கும். இலங்கையிலேயே மிகக் கூடுதலான மழையைப் பெறும் இடங்களுள் இவை சேரும். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை இங்கு பெய்வதுண்டு.

இரண்டாவது, நடுவிலுள்ள உயர்ந்த மேட்டுநிலம். நுவரெலியா நகர், கந்தப்பளை, சீத்தாஎலிய, அம்பேவளை, பட்டிப்பொலை ஆகியன இதிலுள்ளன. நுவரெலியா நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் ஆகும். இது மேற்குச் சரிவு பெறும் மழையின் பாதிக்கும் குறைவு. ஆனால் அது ஆண்டு முழுவதும் ஓரளவு பரந்து பெய்கின்றது.

மூன்றாவது, கிழக்கு, வடகிழக்குச் சரிவு. வலப்பனை, ஹங்குராங்கெத்த, உடப்புசல்லாவைப் பக்கங்கள் இதிலடங்கும். இங்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்து, ஆண்டின் நடுப்பகுதி வரட்சியாகக் கழிகின்றது.

இவ்வேறுபாட்டின் காரணம் எளியது. மே மாதம் முதல் கடலிலிருந்து வரும் ஈரமான தென்மேல் காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழுகின்றது. மேலெழும் காற்று குளிர்கின்றது. குளிர்ந்த காற்றினால் தன் நீராவி முழுவதையும் தாங்க முடியாது. அது முகிலாகி மழையாக விழுகின்றது. நீரை இழந்த காற்று முகட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வீதம் வெப்பமடைகின்றது. அவ்வாறு சூடேறிய காற்று மழை தருவதில்லை. நிலத்திலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றது. இதே காற்றே மேலும் கிழக்கே மட்டக்களப்புச் சமவெளியில் கச்சான் என்னும் பெயரில் வரண்டு வீசுகின்றது. டிசம்பரில் வடகீழ்க் காற்று வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகின்றது. அப்போது கிழக்குச் சரிவு மழையைப் பெற, மேற்குச் சரிவு வெய்யிலைக் காண்கின்றது.

இதனை நேரிற் காண விரும்புவோர் ஜூன் அல்லது ஜூலை மாதத்தில் பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறுதல் போதும். வட்டவளையில் கொட்டும் மழை, நானுஓயாவில் தூறலாகி, இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமான பட்டிப்பொலையில் மூடுபனியாகி நிற்கும். பட்டிப்பொலைக்கு அப்பாலுள்ள சுரங்கத்தினுள் இருளிற் புகுந்த வண்டி, ஒகியாப் பக்கத்தில் வெளிவரும்போது பல நாட்களில் நல்ல வெய்யிலைக் காணலாம். ஒரு குன்றின் அகலமே இரு காலநிலைகளையும் பிரிக்கின்றது.

ஆகவே "நுவரெலியாவில் எப்போது நாட்டுவது?" என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. "என் காணி முகட்டின் எப்பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் உள்ளது?" என்பதே ஒவ்வொரு கமக்காரரும் முதலில் கேட்க வேண்டிய வினாவாகும்.

உயரமும் வெப்பமும்

ஒவ்வொரு 100 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 0.65 பாகை செல்சியஸ் குறைகின்றது. நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆதலால் கொழும்பைவிட அங்கு ஏறத்தாழ 12 பாகை குளிர் கூடுதலாகும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை அண்டியுள்ளது. இதனாலேயே உருளைக்கிழங்கு, கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட் போன்ற குளிர்நாட்டுப் பயிர்கள் வெப்பவலயத்திலுள்ள நமது நாட்டில் செழிக்கின்றன.

குளிர்நாடுகளில் உள்ளதுபோன்ற கோடையும் மாரியும் இங்கு இல்லை என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். நம் நாடு மத்திய கோட்டுக்கு அண்மையில் உள்ளது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. மாதத்துக்கு மாதம் உள்ள வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே பெரிதாகும். பெப்ரவரி மாதத்தில் நுவரெலியாவில் பகலில் 21 பாகை வரை ஏறும் வெப்பநிலை இரவில் சராசரியாக 9 பாகைக்கு இறங்குகின்றது. ஜூலையிலோ முகில் மூட்டத்தினால் பகலில் வெப்பநிலை சராசரியாக 18 பாகையளவிலேயே நிற்கின்றது. இரவில் அதே முகில் போர்வைபோல நின்று 13 பாகையளவில் வெப்பத்தைக் காக்கின்றது. சுருங்கக் கூறின், குளிர்ந்த பகல் ஜூலையிலும், குளிர்ந்த இரவு பெப்ரவரியிலும் வருகின்றன. பயிருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு துன்பங்களைத் தருகின்றன. முன்னது பங்கசு நோயை வளர்க்கின்றது. பின்னது உறைபனியைக் கொண்டுவருகின்றது.

இனி ஆண்டின் நான்கு பருவங்களையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

மார்ச், ஏப்ரில்: இடிமழைக் காலம்

இது முதலாவது பருவ இடைக்காலமாகும். நிலையான பெருங்காற்று எதுவும் இக்காலத்தில் இல்லை. காலையில் வானம் தெளிந்திருக்கும். நிலம் சூடேற, காற்று மேலெழுந்து, பிற்பகலில் முகில் திரண்டு இடி மின்னலுடன் மழை கொட்டும். மார்ச் மாதத்தின் முற்பகுதி பெரும்பாலும் வரட்சியே. நுவரெலியா நகரில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பெய்யும் மழை மாதத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 75 மில்லிமீற்றர். ஏப்ரிலில் அது இரட்டிப்பாகின்றது.

மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கு நாட்டுவதற்குப் பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை ஏற்ற காலமாகும். முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டும்போது உறைபனி அபாயம் நீங்கிவிடும். கிழங்கு பருக்கும் வேளையில் ஏப்ரில் மழை உதவும். ஜூன் மாதப் பெருமழைக்கு முன்னர் தோண்டிவிடலாம். நாட்டுதல் ஒரு மாதம் தாமதித்தால் அறுவடை மழையில் அகப்பட்டுக் கிழங்கு அழுகும்.

இப்பருவத்தின் முதல் மழை மண்ணுக்குப் பகையாவதும் உண்டு. கொத்திப் பொடியாக்கி வெறுமையாக விட்ட சரிவில் அரை மணித்தியால இடிமழை விழுந்தால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த மேல்மண் ஒரே பிற்பகலில் ஓடைக்குச் சென்றுவிடும். அம்மண் நம் காணிக்குத் திரும்பி வருவதில்லை. கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களின் அடியிற் படிந்து அவற்றையும் தூர்க்கின்றது. இவ்விழப்பைத் தடுக்கவே 1951ஆம் ஆண்டில் மண்காப்புச் சட்டம் ஆக்கப்பட்டது. சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி அமைத்தல், சமவுயரக் கோட்டில் வடிகான் வெட்டி இடையிடையே சிறு மண்தடுப்பு விடுதல், கற்கட்டுகளை மழைக்கு முன்னர் செப்பனிடுதல், ஓரங்களில் வெட்டிவேர் நாட்டுதல் ஆகியவற்றை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இடி முழங்கும்போது மண்வெட்டியுடன் திறந்த வெளியில் நிற்பதோ தனிமரத்தின் கீழ் ஒதுங்குவதோ உயிருக்கு ஆபத்தாகும். முதல் இடியோசை கேட்டவுடன் வீட்டுக்குத் திரும்புங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை: தென்மேல் பருவக்காற்று

இப்பருவத்தில் மேற்குச் சரிவில் மழை ஓய்வதில்லை. அங்கு நீர்ப்பற்றாக்குறை இல்லை. வெய்யிற் பற்றாக்குறையே உண்டு. பசளையை ஒரே தடவையில் இட்டால் அதன் தழைச்சத்து நீருடன் கழுவப்பட்டு வீணாகும். சிறு அளவாகப் பிரித்து, மழை தணிந்த நாட்களில் இடுதல் நன்று. பாத்தியை உயர்த்தி அமைத்து வடிகானைத் திறந்துவைத்தல் அவசியமாகும்.

மேட்டுநிலத்தில் மழையைவிட மூடுபனியும் காற்றுமே கூடுதலான தீங்கு செய்கின்றன. இலையின் மேல் ஈரம் பல மணித்தியாலம் உலராது நின்று, குளிரும் சேர்ந்தால், உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் பிந்திய வெளிறல் நோய் தோன்றும். 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து நாட்டில் கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்தது இந்நோயே. இலையோரத்தில் நீர்கோத்ததுபோன்ற கரும்புள்ளியும், அதன் அடிப்பக்கத்தில் வெண்மையான பூஞ்சணமும் காணப்பட்டால் நோய் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஏற்ற காலநிலை தொடருமாயின் ஒரு வாரத்துள் தோட்டம் முழுவதும் கருகக்கூடும். ஆதலின் மூன்று நாட்கள் தொடர்ந்து வெய்யில் தோன்றாவிடின், புள்ளியைக் காணும்வரை காத்திராமல், பரிந்துரைக்கப்பட்ட பங்கசு நாசினியைச் சுட்டுத்துண்டிற் கூறிய அளவில் தெளியுங்கள். மழைக்குச் சற்று முன்னர் தெளிப்பது பணத்தை ஓடையில் விடுவதற்கு ஒப்பாகும். இலை உலர்ந்துள்ள வேளையைத் தெரிந்தெடுங்கள். செடிகளுக்கிடையே போதிய இடைவெளி விடுவதும், நோயுற்ற கிழங்கைக் காணியில் எறியாது ஆழப் புதைப்பதும் அதேயளவு முக்கியமானவை.

தேயிலை வைத்திருப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1946ஆம் ஆண்டில் இலங்கையை வந்தடைந்த கொப்புள நோய் இம்மப்பு நாட்களிலேயே இளங்கொழுந்தைத் தாக்குகின்றது. நிழல் மரங்களின் கிளைகளைப் பருவமழைக்கு முன்னர் தறித்துவிட்டால் செடிக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும்.

கிழக்குச் சரிவிலுள்ளோருக்கு இவை எதுவும் பொருந்தா. அங்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வரண்ட காற்று வீசும். நிச்சயமான நீர்வசதி உள்ள காணியில் மாத்திரமே இக்காலத்தில் மரக்கறி நாட்டல் வேண்டும். மண்ணை வைக்கோல் அல்லது காய்ந்த மானாப்புல்லால் மூடி ஈரலிப்பைக் காக்கவும். காற்று வரும் திசையில் மரவரிசை அமைத்துக்கொண்டால் அதன் பயன் பல ஆண்டுகளுக்கு நிலைக்கும். வரட்சியில் கோவாவில் வைரமுதுகு அந்துப்பூச்சி பெருகுமாதலால் இலையின் அடிப்பக்கத்தை வாரமிருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஒக்டோபர், நவம்பர்: எல்லோருக்கும் மழை

இரண்டாவது பருவ இடைக்காலத்தில் மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களும் மழை பெறுகின்றன. நுவரெலியா நகரில் மாதமொன்றுக்கு 200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது இக்காலத்திலேயாகும். பிற்பகல் இடிமழையுடன் வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் சேர்ந்துகொள்கின்றன.

வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பக்கத்தவர்கள் பெரும்போக நெல்லையும் மேட்டுநிலப் பயிரையும் இம்மழையை நம்பியே தொடங்குகின்றனர். முதல் மழையிலேயே விதைத்துவிடாது, மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்துள்ளதா என்று தோண்டிப் பார்த்த பின்னரே விதையுங்கள். மேட்டுநிலத்தில் ஓகஸ்ட், செப்டெம்பரில் நாட்டிய இரண்டாம் போகக் கிழங்கு இக்காலத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். அதனை டிசம்பரில், உறைபனிக்கு முன்னர், தோண்டி முடித்தல் வேண்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை: வடகீழ்க் காற்றும் உறைபனியும்

டிசம்பரிலும் ஜனவரியின் முற்பகுதியிலும் கிழக்குச் சரிவில் மழை தொடரும். அதன் பின்னர் வானம் தெளிந்து, காற்று வரண்டு, மேட்டுநிலத்தில் உறைபனிக் காலம் தொடங்கும். பட்டிப்பொலை, அம்பேவளை, ஹோட்டன் சமவெளி ஆகிய இடங்களில் அதிகாலையில் புற்றரை வெண்மையாகக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர்.

உறைபனி வானத்திலிருந்து விழுவதன்று. தெளிந்த இரவில் நிலமும் இலைகளும் தம் வெப்பத்தை வானவெளிக்கு இழக்கின்றன. காற்று அசையாதிருப்பின் நிலத்தை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்து கனமாகின்றது. கனமான காற்று நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகின்றது. அங்கு இலையின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழ் இறங்கினால் இலையினுள் உள்ள நீர் உறைந்து கலங்களைச் சிதைக்கின்றது. வெய்யில் ஏறியதும் இலை வெந்ததுபோலக் கருகுவதன் காரணம் இதுவே. ஒரே காணியில் பள்ளத்துப் பாத்தி முழுவதும் கருகிக்கிடக்க, அதற்குச் சற்று மேலேயுள்ள பாத்தி பசுமையாக நிற்பதும் இதனாலேயாகும்.

மனித உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும்போதே நிலத்தில் உறைபனி படியக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. மாலையில் முகிலற்ற வானம், அசையாத காற்று, வரண்ட குளிர் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்பட்டால் அவ்விரவு எச்சரிக்கையாக இருங்கள்.

செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. ஜனவரி, பெப்ரவரியில் பள்ளத்தில் இளம்பயிர் இருக்காதவாறு நாட்டும் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பயிரை மேட்டிலும், குளிரைத் தாங்கும் கோவா, லீக்ஸ் முதலியவற்றைத் தாழ்விலும் நாட்டுங்கள்.

2. காணியின் கீழ் எல்லையில் அடர்ந்த வேலி இருந்தால் அது குளிர்காற்றை அணைபோலத் தேக்கும். அவ்வேலியில் இடைவெளி விடுங்கள்.

3. முதல் நாட் பகலில் மண்ணுக்கு நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும்.

4. நாற்றுமேடையை மாலையிலேயே சாக்கு, வைக்கோல் அல்லது மானாப்புல்லால் மூடி, காலையில் பனி கரைந்த பின்னர் திறவுங்கள்.

5. உறைபனி படிந்துவிட்டால் சூரியன் ஏறுமுன் இலைகளின் மேல் நீர் தெளிக்கத் தொடங்கி, பனி முற்றாகக் கரையும்வரை நிறுத்தாது தெளியுங்கள். இடையில் நிறுத்துவது தீங்கை மிகுதியாக்கும்.

6. கருகிய செடிகளை உடனே பிடுங்கி எறியாதீர்கள். உருளைக்கிழங்கின் அடித்தண்டு உயிருடன் இருப்பின் மீண்டும் தளிர்க்கும். பத்து நாட்கள் பொறுத்துப் பாருங்கள்.

பெருமழையும் மண்சரிவும்

பயிர் அழிந்தால் மறுபோகத்தில் ஈடு செய்யலாம், உயிருக்கு ஈடில்லை. 1986ஆம் ஆண்டு ஜனவரியில் இம்மாவட்டத்தில் பல மண்சரிவுகள் ஏற்பட்டன. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பகுதிகளில் மலைச்சரிவுகள் இடிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது மலைநாடெங்கும் நேர்ந்த அழிவை நாம் எல்லோரும் அறிவோம். இம்மூன்றும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது. மேற்குச் சரிவில் மே, ஜூன் மாதங்களிலும் இவ்வபாயம் உண்டு.

மண்ணின் துளைகள் யாவும் நீரால் நிரம்பியதும் அதன் பாரம் கூடி, பிடிமானம் தளர்கின்றது. அதன் பின்னர் பெய்யும் ஒரு கனமழையே சரிவை இடிக்கப் போதுமானது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரை எட்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், அபாயமுள்ள சரிவிலிருந்து வெளியேறிவிடல் வேண்டும்.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், இல்லாத இடத்தில் தோன்றிய ஊற்று, இருந்த ஊற்று திடீரென வற்றுதல் அல்லது கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திராதீர்கள். மாட்டையும் விதைக்கிழங்கையும் எண்ணித் தயங்காது, முதியோரையும் குழந்தைகளையும் முதலில் அழைத்துச் செல்லுங்கள். பின்னர் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

உங்கள் காணிக்கு ஒரு மழைமானி

மேற்கூறிய எச்சரிக்கையானாலும், நாட்டும் நாளானாலும், உங்கள் காணியில் விழுந்த மழையின் அளவை அறியாது பயன்படுத்த இயலாது. நகரத்து அளவு உங்கள் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாமற் போகலாம் என்பதை முன்னரே கண்டோம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மழைமானி இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றேன். இதற்குச் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம்.

வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள, பக்கம் நேரான தகரப்பேணி ஒன்றை எடுங்கள். மரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில், திறந்த வெளியில், ஒரு கட்டையின் மேல் அசையாதவாறு மட்டமாகப் பொருத்துங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பாடசாலைப் பிள்ளையின் அளவுகோலைப் பேணியினுள் நிறுத்தி நீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து, நீரை ஊற்றிவிடுங்கள். பக்கம் நேராயின் பேணியின் வாய் எவ்வளவு அகலமாயினும் அளவு மாறாது. பெருமழை நாட்களில் இரவிலும் ஒருமுறை பாருங்கள். பேணி நிரம்பி வழிந்தால் கணக்குக் கெட்டுவிடும்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீராகும். 25 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குல மழை, ஓர் ஏக்கரில் விழுந்தால் அது ஓரிலட்சம் லீற்றருக்குச் சமமாகும். அவ்வளவு நீரும் மண்ணுள் இறங்குகின்றதா, மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றதா என்பது உங்கள் வடிகானையும் பாத்தியையும் பொறுத்தது.

ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, மழையளவு, மூடுபனி, உறைபனி, நோய் தோன்றிய நாள், நாட்டிய நாள், அறுவடை நாள் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவாருங்கள். எழுதும் பொறுப்பை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் நன்று. மூன்று நான்கு ஆண்டுகளில் அக்கொப்பி உங்கள் காணிக்கே உரிய பஞ்சாங்கமாகிவிடும்.

மாறிவரும் காலநிலை

இக்குறிப்பு முன்னெப்போதையும்விட இன்று அவசியமாகின்றது. நாட்டின் வெப்பநிலை படிப்படியாக ஏறிவருகின்றது. கடந்த நூற்றாண்டின் பதிவுகள் நுவரெலியாவின் ஆண்டு மழை குறைந்துவந்ததைக் காட்டுகின்றன. அதே வேளையில் பெய்யும் மழை சில நாட்களிற் கொட்டித் தீர்ப்பதையும் கமக்காரர்கள் உணர்ந்துள்ளனர். நம் பெற்றோர் அறிந்துவைத்த நாட்கணக்கு வீணானதன்று. ஆனால் அதனை மாத்திரம் நம்பியிருத்தல் இனிப் போதாது. பழைய கணக்கையும் புதிய அளவையும் ஒப்பிட்டு நோக்குவதே அறிவுடைமையாகும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்களை நாள்தோறும் கேட்டு, உங்கள் பேணியில் விழுந்த அளவோடு அவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

முன்பு கூறிய வலப்பனைக் கமக்காரரின் வீட்டு முற்றத்தில் இன்று ஒரு தகரப்பேணி கட்டையின் மேல் நிற்கின்றது. அவருடைய மகள் எழுதிய ஐந்து கொப்பிகள் கூரைச் சட்டத்தின் மேல் உள்ளன. அவ்வூருக்கு நாட்டும் நாளைப்பற்றி ஆலோசனை கூறச் செல்லும்போது முதலில் அக்கொப்பிகளை வாங்கிப் பார்த்த பின்னரே நான் வாய் திறக்கின்றேன்.

கமக்காரரே, நீங்களும் வருகின்ற முதலாந் திகதி தொடக்கம் உங்கள் மழையை அளந்து எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் காணிக்கு வரும்போது அக்கொப்பியை அவரிடம் காட்டி, அதனைக் கொண்டே அவருடன் கலந்து பேசுங்கள்.